முதல் சம்பளம் வாங்கியவர்களுக்கு ஒரு வீட்டுக் கணக்கு: வேலூர்ப் பக்கத்திலிருந்து

ஜூன் மாதம் பிறந்தால் வேலூர், குடியாத்தம், ஆம்பூர் கடைத்தெருக்களில் அடகுக் கடை வாசலில் ஆள் கூடிவிடும். பள்ளிக் கட்டணம், நோட்டுப் புத்தகம், சீருடை, ஷூ என்று ஒரே வாரத்தில் எல்லாம் வந்து நிற்கும். கம்மலோ செயினோ கடைக்குப் போகும். பள்ளிக்கூடம் ஜூனில் திறக்கும் என்பது போன ஜூனிலேயே தெரியும். ஆனாலும் வருடா வருடம் அது திடீர்ச் செலவாகவே வருகிறது. நம் பக்கத்துக் குடும்பங்களில் பாதிக் கடன் இப்படித்தான் ஏறுகிறது என்பது என் எண்ணம். தேதி தெரிந்த செலவைத் தேதி வரும்வரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ராணிப்பேட்டை சிப்காட்டிலோ, ஆம்பூர் ஷூ கம்பெனியிலோ, வேலூர் ஆஸ்பத்திரியிலோ, காட்பாடியில் ஒரு கடையிலோ புதிதாக வேலைக்குச் சேர்ந்து, முதன்முறையாகச் சொந்தக் கணக்கு போடப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். புதிதாகக் கல்யாணமாகித் தனிக்குடித்தனம் வந்தவர்களுக்கும் இது பொருந்தும். இங்கே சொல்லியிருக்கும் வரிசையிலேயே செய்துகொண்டு போனால் போதும்.

முதலில், கையில் எவ்வளவு வருகிறது?

சம்பளம் எவ்வளவு என்று கேட்டால் பெரும்பாலும் வேலைக்குச் சேரும்போது சொன்ன தொகையைத்தான் சொல்வார்கள். கணக்குக்கு அது உதவாது. சம்பளச் சீட்டைக் கையில் எடுங்கள். ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் சீட்டு இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 11,000, மற்ற படிகளோடு மொத்தம் 14,500. இதில் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) 12 விழுக்காடு, அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்த 11,000-க்குக் கணக்கிட்டு 1,320 ரூபாய் போகும். இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) 0.75 விழுக்காடு, மொத்தச் சம்பளத்துக்கு 109 ரூபாய். கையில் வருவது 13,071. ஓவர்டைமும் வருகைப் படியும் சில மாதம் கூடுதலாக வரும், சில மாதம் வராது. வருகிற குறைந்தபட்சத் தொகையை வைத்தே குடும்பம் நடத்தத் திட்டமிடுங்கள். கூடுதலாக வந்தால் அதற்கு வேறு வேலை இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

இந்தப் பிடித்தங்களைப் பார்த்து மனம் சுளிக்க வேண்டாம். இ.எஸ்.ஐ. இருந்தால் உங்களோடு குடும்பத்துக்கும் சிகிச்சை உண்டு. தகுதியான பங்களிப்பு இருந்து, உடம்பு முடியாமல் மருத்துவர் சான்றோடு விடுப்பில் இருந்தால் சம்பளத்தில் 70 விழுக்காடு, வருடத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். இதைத் தெரியாமலேயே காய்ச்சலுக்குத் தனியார் மருத்துவமனையில் ஆயிரக்கணக்கில் கட்டுகிறவர்கள் நிறைய. இ.எஸ்.ஐ. எண்ணைக் கேட்டு வாங்கி, குடும்பத்தார் பெயர்களும் அதில் சேர்ந்திருக்கின்றனவா என்று முதல் மாதமே பாருங்கள்.

பி.எஃப். பற்றி ஒன்று அழுத்திச் சொல்ல வேண்டும். நம் பக்கம் மாதம் ஐந்நூறு ரூபாய் கூட வந்தாலே கம்பெனி மாறுவோம், அதில் தவறில்லை. மாறும்போதெல்லாம் பி.எஃப். பணத்தை எடுத்துச் செலவழித்துவிடுவதுதான் நஷ்டம். பத்து வருட சேவை சேர்ந்தால்தான் மாதப் பென்ஷனுக்குத் தகுதி வரும். ஒவ்வொரு முறை முழுவதையும் எடுக்கும்போதும் அந்தக் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். யு.ஏ.என். என்பது உங்கள் பி.எஃப். கணக்குக்கான நிரந்தர எண், கம்பெனி மாறினாலும் அது ஒன்றே ஒன்றுதான். புதுக் கம்பெனியில் அதே எண்ணைக் கொடுத்து, பழைய பணத்தை அதற்கே மாற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்து, ஒரு மாதம் எழுதிப் பாருங்கள்

ஒரே ஒரு மாதம் எழுதினால் போதும். டீ, பஸ், கறி, செல்போன் ரீசார்ஜ், கோயில் உண்டியல் எல்லாவற்றையும் எழுதுங்கள். யு.பி.ஐ. செலவு செல்போனிலேயே பதிவாகியிருக்கும், ரொக்கத்தை மட்டும் இரவில் குறித்தால் போதும். செலவைக் குறைக்க வேண்டும் என்ற எண்ணமே இல்லாமல் எழுதுங்கள். குறைத்துக் காட்ட நினைத்தால் கணக்கில் பொய் சேரும். ஞாயிற்றுக்கிழமை பிரியாணியை நிறுத்தினால் வாழ்க்கை மாறிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கடனில் மூழ்கிய குடும்பங்களை விசாரித்தால் பிரியாணி காரணமாக இருக்காது. அடுத்த பகுதியில் வருகிறதே, அதுதான் காரணமாக இருக்கும்.

வருடக் காலண்டர்

தினசரிக் காலண்டர் ஒன்றை முன்னால் வைத்துக்கொண்டு, வீட்டில் சம்பாதிக்கிறவர்கள் எல்லோரும் சேர்ந்து உட்காருங்கள். தை மாதத்திலிருந்து ஒவ்வொரு மாதமாகப் புரட்டி, அந்த மாதம் என்ன செலவு வரும் என்று எழுதுங்கள்.

தையில் பொங்கல், புதுத்துணி, எருது விடும் விழா பார்க்க வரும் சொந்தக்காரர்கள். மாசியில் மயானக் கொள்ளை. சித்திரை, வைகாசியில் கல்யாணங்கள் வரிசை கட்டும். குடியாத்தம் பக்கம் உங்களுக்கு உறவு இருந்தால் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குப் போகாமல் இருக்க முடியாது. ஜூனில் பள்ளிக்கூடம். ஆடியில் கூழ் ஊற்றுவது, ஆடிக் கிருத்திகைக்குக் காவடி. ஆவணியில் மறுபடி கல்யாணங்கள். புரட்டாசி ஒன்றுதான் கொஞ்சம் மூச்சுவிடும் மாதம். அப்புறம் தீபாவளி. மாலை போடுகிற வீடாக இருந்தால் கார்த்திகை, மார்கழியில் சபரிமலைச் செலவு. நடுவில் வண்டி இன்சூரன்ஸ், வாடகை ஒப்பந்தம் புதுப்பிப்பது.

இப்போது தொகை போடுங்கள். மாதம் 28,000 கையில் வரும் ஒரு வீட்டுக்கு இப்படி வரலாம்: பொங்கல் 4,000, பள்ளி 15,000, ஆடி 2,500, தீபாவளி 10,000, வருடம் முழுக்க மொய் 6,000, வண்டி இன்சூரன்ஸ் 1,500. கூட்டினால் 39,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 3,250. சம்பளம் வந்த மறுநாளே இந்த 3,250 தனிக் கணக்குக்குப் போய்விட வேண்டும். வங்கியில் ஒரு வருடத் தொடர் வைப்பாகவும் போடலாம், தானாகப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிடலாம். முதல் வருடம் கொஞ்சம் கடினம், ஏனென்றால் பணம் சேர்வதற்கு முன்பே ஜூன் வந்துவிடும். அதனால் புரட்டாசி, ஐப்பசிவாக்கில் தொடங்குவது நல்லது. தீபாவளி போனஸின் ஒரு பகுதியை இதில் போட்டுவிட்டால் அடுத்த ஜூனைச் சமாளித்துவிடலாம். முன்னால் சொன்ன ஓவர்டைம் பணத்துக்கும் முதல் வேலை இதுதான்.

மொய்க்கு ஒரு வார்த்தை. அது அன்பளிப்பு போலத் தோன்றினாலும் கணக்கில் கொடுக்கல் வாங்கல்தான். வீட்டு மொய் நோட்டைப் பத்திரமாக வையுங்கள். ஒரு விசேஷத்துக்குக் கிளம்பும் முன் அவர்கள் நமக்கு என்ன செய்தார்கள் என்று அதில் பார்த்துவிட்டுப் போங்கள். மண்டபத்தில் பக்கத்து ஆள் எவ்வளவு எழுதுகிறார் என்று பார்த்துத் தொகையை உயர்த்துவது, அடுத்த பத்து விசேஷத்துக்கு நீங்களே சுமையை ஏற்றிக்கொள்வது.

உண்மையான அவசரத்துக்கு

காலண்டரில் எழுத முடியாதது இரண்டு: உடம்பு, வேலை. தோல் ஏற்றுமதி ஆர்டர் குறைந்தால் ஆம்பூர், ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு முழுக்க ஷிப்டு குறையும். அதை உங்களால் தடுக்க முடியாது. முதலில் 10,000 ரூபாய் சேருங்கள், பிறகு மெதுவாக மூன்று மாத வீட்டுச் செலவு அளவுக்குக் கொண்டுபோங்கள். அஞ்சலகச் சேமிப்புக் கணக்கை 500 ரூபாயில் தொடங்கலாம். தினமும் டீக்கடையில் ஸ்கேன் செய்யும் கணக்கோடு இது இணைந்திருக்கக் கூடாது. எடுப்பதற்குக் கொஞ்சம் நடக்க வேண்டியிருப்பது நல்லதுதான்.

காப்பீட்டில் இரண்டைக் கட்டாயம் எடுங்கள். வங்கிக் கணக்கு இருந்தால் போதும், வருடம் 20 ரூபாய்க்கு 2 லட்சம் விபத்துக் காப்பீடு, 436 ரூபாய்க்கு 2 லட்சம் ஆயுள் காப்பீடு. பிரதம மந்திரி பெயரிலான திட்டங்கள் இவை. மே கடைசி வாரத்தில் பணம் பிடிப்பார்கள், அப்போது கணக்கில் இருப்பு இருக்கட்டும். ஊரில் தனி ரேஷன் அட்டையில் இருக்கும் அம்மா அப்பாவுக்கு, வருட வருமானம் 1,20,000-க்குள் என்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை வாங்கிக் கொடுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்றுக்கு அலைய வேண்டியிருக்கும். ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு அலைவதைவிட இப்போதே அலைவது மேல்.

கடன் இருந்தால்

ஒரு தாளில் எல்லாக் கடனையும் எழுதுங்கள்: நகைக்கடன், மகளிர் குழுக் கடன், வண்டிக் கடன், தண்டல், கைமாற்று. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் வருட வட்டியை எழுதுங்கள். இங்கேதான் பலரும் தடுமாறுகிறோம், ஏனென்றால் நம் ஊரில் வட்டியை யாரும் வருடக் கணக்கில் சொல்வதில்லை. "நூற்றுக்கு ரெண்டு வட்டி" என்றால் லட்ச ரூபாய்க்கு மாதம் 2,000, வருடத்துக்கு 24 விழுக்காடு. "மூணு வட்டி" 36 விழுக்காடு.

தண்டலைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். 10,000 ரூபாய் தண்டல், 1,500 முன்கூட்டியே பிடித்துக்கொண்டு 8,500 கையில் தருவார்கள். தினமும் 100 ரூபாய், நூறு நாள் கட்ட வேண்டும். "1,500 தானே, 15 வட்டிதானே" என்று தோன்றும். ஆனால் 8,500 ரூபாய் நூறு நாளும் உங்களிடம் இருப்பதில்லை. முதல் நாளிலிருந்தே திரும்பிப் போகத் தொடங்கிவிடுகிறது. ஐம்பதாவது நாள் பாதிக்கு மேல் கொடுத்துவிட்டிருப்பீர்கள். கணக்கு போட்டால் வருடத்துக்கு ஏறக்குறைய 120 விழுக்காடு வட்டி வரும். மார்க்கெட்டில் காலையில் சரக்கெடுத்து மாலையில் விற்கும் வியாபாரிக்கு இது ஒருவேளை கட்டுப்படியாகலாம். மாதச் சம்பளக்காரருக்கு எந்தக் கணக்கிலும் கட்டுப்படியாகாது.

எனவே வட்டி அதிகமான கடனை முதலில் அடைக்க வேண்டும். வீட்டில் நகை இருந்தால் வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ அடகு வைத்துத் தண்டலை முடித்துவிடுவது பல நேரம் சரியான முடிவு. ஆனால் தண்டலுக்குக் கொடுத்துக்கொண்டிருந்த அதே தொகையை, நிறுத்தாமல், நகையை மீட்கக் கட்ட வேண்டும். அந்தப் பணத்தை வீட்டுச் செலவில் கரைத்துவிட்டால் நகையும் போகும், புதுத் தண்டலும் வரும். அநியாய வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-லேயே கந்துவட்டித் தடைச் சட்டம் வந்துவிட்டது. மிரட்டல் வந்தால் காவல் நிலையத்திலும் மாவட்ட ஆட்சியரிடமும் புகார் கொடுக்கலாம்.

செல்போன் கடன் செயலிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: தொட வேண்டாம். உங்கள் தொடர்பு எண்களை அள்ளிக்கொண்டு, உங்கள் அத்தைக்கும் மேலதிகாரிக்கும் அவர்கள் செய்தி அனுப்புவார்கள். ஏற்கனவே மாட்டிக்கொண்டிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைத்துச் சொல்லுங்கள்.

ஜாமீன் கையெழுத்து அதற்கடுத்த ஆபத்து. மற்றவர் கடனுக்குக் கையெழுத்துப் போடுவது, அந்தக் கடனை நீங்களே வாங்குவதற்குச் சமம். தொகை எழுதாத பிராமிசரி நோட்டிலும் வெற்றுக் காசோலையிலும் யாருக்காகவும் கையெழுத்துப் போடாதீர்கள். உறவில் முகத்துக்கு நேரே மறுப்பது கஷ்டம் என்றால், "மாமா, வீட்ல பேசிட்டு நாளைக்குச் சொல்றேன்" என்று அன்றைக்குக் கிளம்பி வந்துவிடுங்கள். மறுநாள் போனில் மறுப்பது அதைவிட எளிது.

சீட்டு

சீட்டே போடாதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். நம் வீடுகளில் எத்தனையோ கல்யாணமும் வீட்டு மேல்தளமும் சீட்டில்தான் நடந்திருக்கின்றன. ஆனால் சேருவதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்: நீங்கள் இதில் கடன் வாங்குகிறவரா, சேமிக்கிறவரா?

20 பேர், மாதம் 5,000, ஒரு லட்ச ரூபாய் ஏலச்சீட்டு. மூன்றாவது மாதம் அவசரத்தில் ஏலத்தில் 25,000 தள்ளி (அதாவது விட்டுக்கொடுத்து) எடுத்தால் கையில் வருவது 75,000. தள்ளிய பணத்தில் நடத்துகிறவரின் கமிஷன் 5,000 போக, மீதி 20,000 மற்றவர்களுக்கும் உங்களுக்கும் ஆளுக்கு ஆயிரம் என்று அந்த மாதத் தவணையில் கழிவாகும். முன்னால் எடுக்கிறவர் கடன்காரர், அந்தத் தள்ளுதான் அவர் வட்டி. கடைசியில் எடுக்கிறவர் சேமிப்பவர், கழிவுதான் அவர் லாபம். சேமிக்கச் சேர்ந்துவிட்டு ஐந்தாவது மாதத்தில் ஆசைப்பட்டு எடுத்தால் இரண்டும் கெட்டுப்போகும்.

நடத்துகிறவர் யார் என்பது அதைவிட முக்கியம். 1982-ஆம் வருடச் சீட்டு நிதிச் சட்டப்படி சீட்டைப் பதிவு செய்ய வேண்டும். கமிஷன் 7 விழுக்காட்டுக்கு மேல் எடுக்கக் கூடாது. பதிவு விவரத்தைக் கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்கிறவரிடம் பணம் கட்ட வேண்டாம்.

அப்புறம், மாத வட்டி ஆசை காட்டும் நிறுவனங்கள். 2022-இல் காட்பாடியில் தலைமையிடம் வைத்திருந்த ஒரு நிறுவனத்தின் மீது பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் போட்டது. வேலூர், ஆரணி, திருவண்ணாமலை என்று இந்த வட்டாரம் முழுக்க அப்போது ஜனங்கள் பணத்தை இழந்து அலைந்ததை எல்லோரும் பார்த்தோம். மாதம் 8 விழுக்காடு வட்டி என்றால் வருடத்துக்கு 96. எந்தத் தொழிலும் இவ்வளவு லாபத்தை மாதம் தவறாமல் தராது. முதல் சில மாதம் ஒழுங்காக வருவது அடுத்து சேர்ந்தவர்கள் கட்டிய பணம். பக்கத்து வீட்டுக்காரருக்கு வந்துகொண்டிருக்கிறது என்பது அத்தாட்சி ஆகாது.

எங்கே போட்டு வைப்பது?

வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரை வைப்புக் காப்பீடு உண்டு. வங்கி மூழ்கினாலும் அது கிடைக்கும். நகைக் கடைச் சேமிப்புத் திட்டத்துக்கோ ஃபைனான்ஸ் கம்பெனிக்கோ இந்தக் காப்பீடு கிடையாது. அஞ்சலகத் தொடர் வைப்பு மாதம் 100 ரூபாயிலிருந்து ஐந்து வருடம். பத்து வயதுக்குள் பெண் குழந்தை இருந்தால் செல்வமகள் சேமிப்புத் திட்டம், அஞ்சலகச் சேமிப்புகளில் நல்ல வட்டி தருகிறவற்றில் ஒன்று. வட்டியை அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிவிக்கும், சேரும் நாளில் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து பணம் வாங்கும் ஏஜென்ட் அக்கா எவ்வளவு நம்பிக்கையானவராக இருந்தாலும், பாஸ்புக்கில் பதிவு விழுந்திருக்கிறதா என்று மாதம் தவறாமல் பாருங்கள். அவருக்கும் அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

தங்கம் சேமிப்பா? கணக்கு எளிதாக இருக்க ஒரு கிராம் 10,000 என்று வைப்போம். ஒரு சவரன் 80,000. சேதாரம் 12 விழுக்காடு 9,600. ஜி.எஸ்.டி. 3 விழுக்காடு 2,688. மொத்தம் 92,288. மறுநாளே விற்கப் போனால் தங்கத்தின் விலைதான் கிடைக்கும். 12,000-க்கு மேல் கடையிலேயே நின்றுவிட்டது. போட்டு அழகு பார்க்க வாங்குங்கள், மகள் கல்யாணத்துக்கு வாங்குங்கள், அதற்கு யாரும் கணக்குக் கேட்க முடியாது. சேமிப்புக்கு மட்டும் என்றால் சேதாரம் குறைந்த காசாக வாங்குவதே மேல். எதுவாக இருந்தாலும் ஹால்மார்க் முத்திரையும் ஆறு எழுத்து, எண் கொண்ட தனி அடையாளமும் இருக்க வேண்டும். 22 காரட் என்றால் 916.

பெரிய சாமான் வாங்கும்போது

கடைக்காரர் "மாதம் எவ்வளவு முடியும் சார்?" என்றுதான் கேட்பார். நீங்கள் "கடைசி வரைக்கும் மொத்தம் எவ்வளவு கட்டுவேன்?" என்று கேளுங்கள். சிப்காட்டுக்கு ஷிப்டு வேலைக்குப் போக வண்டி தேவை, அது ஆடம்பரம் இல்லை. 80,000 கடனுக்கு "பத்தே வட்டி, மூன்று வருடம்" என்பார்கள். வருடம் 8,000 வீதம் வட்டி 24,000, மாதத் தவணை 2,889. அசல் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி முழு 80,000-க்கும் போடப்படுகிறது. குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் உண்மை வட்டி ஏறக்குறைய 18 விழுக்காடு. வங்கியில் கேட்டுவிட்டு ஒப்பிடுங்கள்.

செல்போன், டி.வி., பீரோ போன்றவற்றுக்கு ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளலாம். பார்த்த அன்றைக்கு வாங்காமல், அடுத்த சம்பளம் வரை விட்டுவிடுங்கள். அப்போதும் வேண்டும் என்று தோன்றினால் வாங்குங்கள், மனம் உறுத்தாது.

கடைசியாக ஒரு தாள்

பி.எஃப்., வங்கி, அஞ்சலகம், காப்பீடு எல்லாவற்றிலும் நாமினி பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரைக் கொடுத்திருப்போம், பிறகு மாற்ற மறந்திருப்போம். எந்தக் கணக்கு எங்கே இருக்கிறது, யாருக்கு எவ்வளவு தர வேண்டும், யாரிடமிருந்து வர வேண்டும், சீட்டு யாரிடம் என்று ஒரு தாளில் எழுதித் தேதி போட்டு, ரேஷன் அட்டை இருக்கும் பையிலேயே வையுங்கள். வீட்டில் இன்னொருவருக்காவது அது தெரிந்திருக்க வேண்டும். ரகசிய எண்களை மட்டும் அதில் எழுத வேண்டாம்.